அவெஞ்சர்ஸ் பால்வாடியில் சேருகிறார்கள்

ஒரு அம்மா கேட்டிருந்த கேள்வி இது: "மகனுக்கு மூன்றரை வயது. வீட்டில் எந்நேரமும் ஸ்பைடிதான். இப்போது அவெஞ்சர்ஸையே குட்டிப் பிள்ளைகளுக்குக் கார்ட்டூனாக எடுக்கிறார்களாம். அவெஞ்சர்ஸ் என்றாலே அடிதடிதானே, அதில் இந்த வயதுக்கு என்ன இருக்கிறது? வந்தால் காட்டலாமா, வேண்டாமா?"

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு மேலாக அனிமேஷனில் லேஅவுட் வேலை (காட்சியில் கேமரா எங்கே, யார் எங்கே என்று அமைப்பது) பார்க்கிறேன், பெரும்பாலும் வெளிநாட்டுக் குழந்தைகள் தொடர்கள். ஸ்பைடர்மேன், அவெஞ்சர்ஸ் எல்லாம் மார்வெல் நிறுவனத்தின் பாத்திரங்கள்; மார்வெல் வேலை எதுவும் என் கைக்கு வந்ததில்லை. ஆனால் இந்த வயதுக்கு எடுக்கும்போது கதையில் எதை வெட்டுவார்கள், எதை ஒட்டுவார்கள் என்பது எங்களுக்கு அன்றாடம். அப்புறம், பள்ளி நாளிலிருந்து காமிக்ஸ் பைத்தியம். இரண்டும் சேர்ந்ததால் பதில் கொஞ்சம் நீளும்.

நீங்கள் படித்தது 'அவெஞ்சர்ஸ்: மைட்டியஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' பற்றித்தான் இருக்கும். 2025-இல் டிஸ்னி அறிவித்தது; 2027-இல் டிஸ்னி ஜூனியரிலும் டிஸ்னி பிளஸ்ஸிலும் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். இது திடீரென்று முளைத்த யோசனை இல்லை. உங்கள் மகன் பார்க்கும் 'ஸ்பைடி அண்ட் ஹிஸ் அமேசிங் ஃப்ரெண்ட்ஸ்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பால்வாடி வயதுக்கென்று மார்வெல் எடுத்த முதல் முழுநீளத் தொடர் அதுதான். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து 2025 ஆகஸ்டில் 'அயர்ன் மேன் அண்ட் ஹிஸ் ஆவ்சம் ஃப்ரெண்ட்ஸ்' வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இரண்டு கூட்டத்தையும் ஒரே கதையில் சேர்த்து ஒரு சிறப்பு நிகழ்ச்சி. ஆக, அஸ்திவாரம் போட்டு, ஒவ்வொரு மாடியாகக் கட்டி, இப்போது மொட்டை மாடிக்கு வந்திருக்கிறார்கள்.

காட்டலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: காட்டலாம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால். நீங்கள் பயப்படும் அடிதடி அதில் அநேகமாக இருக்காது. பயப்பட வேண்டிய இடங்கள் வேறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

ஒரு சூப்பர் ஹீரோவை மூன்று வயதுக்குக் கொண்டுவருவது என்றால் என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். 1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனைப் படைத்தபோது முதல் கதையிலேயே அவனை வளர்த்த பென் (நம் கணக்கில் பெரியப்பா முறை) சுட்டுக் கொல்லப்படுகிறார். அந்தத் திருடனை முன்பே பிடிக்க வாய்ப்பிருந்தும் சும்மா விட்டது பீட்டர்தான் (ஸ்பைடர்மேனின் நிஜப் பெயர்). அந்தக் குற்ற உணர்ச்சிதான் ஸ்பைடர்மேனின் எஞ்சின். பேட்மேனுக்கு, கண்ணெதிரே அப்பா அம்மா இருவரும் சுடப்பட்டது. அயர்ன் மேன் ஆயுத வியாபாரி. தன் நெஞ்சுக்குள் இருக்கும் உலோகச் சில்லு இதயத்தை எட்டாமலிருக்கக் கவசம் செய்துகொண்டவன். சாவு, பழி, குற்ற உணர்ச்சி ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் இந்தக் கதைகளில் மிஞ்சுவது வண்ண உடை மட்டும்தான் என்று கறாரான காமிக்ஸ் ரசிகர்கள் சொல்வார்கள்.

எடுத்துவிட்டார்கள். ஸ்பைடி தொடரில் பீட்டர் ஒரு பொடியன். மே பெரியம்மா உண்டு, பென் பெரியப்பாவின் சாவு பற்றிப் பேச்சே கிடையாது. கூடவே க்வென், மைல்ஸ் என்று இரண்டு சிநேகிதர்கள், மூவருக்கும் ஒரே மாதிரி சக்தி, பாட்டு, குதியாட்டம். எனக்கு இதில் இன்றைக்கும் சிலிர்ப்பான விஷயம் க்வென்தான். 1973-இல் வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121-ஆம் இதழில் வில்லன் க்ரீன் கோப்ளின் அவளைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுவான். ஸ்பைடர்மேனின் வலை அவளைப் பிடிக்கும். ஆனால் பிடித்த வேகத்தில் கழுத்து ஒடிந்துவிடும். அமெரிக்கக் காமிக்ஸின் வெகுளித்தனம் அந்த ஒரு படக் கட்டத்தோடு முடிந்தது என்பார்கள். 2014-இல் வேறொரு உலகத்துக் க்வென் என்று சொல்லி, அவளையே சிலந்தி நாயகியாக்கித் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது உங்கள் வீட்டு டிவியில் வெள்ளை முக்காட்டோடு அதே க்வென் குதிக்கிறாள், எதிரே அதே கோப்ளின் நிற்கிறான். பிள்ளைகள் அவனைச் செல்லமாக 'காபி' (Gobby, கோப்ளினின் சுருக்கம்) என்று கூப்பிடுகிறார்கள்! பால்வாடிக்காக ஒரு கதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

எடுத்தது சரி, அந்த இடத்தில் எதை வைத்தார்கள்? இங்கேதான் தொழில் இருக்கிறது. 'டோராவின் பயணங்கள்' சுட்டி டிவியில் தமிழில் வந்த காலம் ஞாபகம் இருக்கும். "குள்ளநரி திருடக் கூடாது" என்று மூன்று தடவை சொன்னால் குள்ளநரி கையை உதறிக்கொண்டு போய்விடும். பால்வாடி வில்லனின் இலக்கணம் அதுதான். அவனுக்கு ஒரு பொருள் மேல் ஆசை, அதை எடுக்கப் பார்ப்பான், தோற்றுப்போவான், யாருக்கும் ரத்தம் வராது. ஸ்பைடியில் வரும் ரைனோ, டாக் ஆக் எல்லோரும் சாராம்சத்தில் குள்ளநரிகள்தான். டாக் ஆக் இங்கே ஒரு பெண். அயர்ன் மேன் தொடரில் வில்லன்களில் ஒருவன் அல்ட்ரான். 2015 அவெஞ்சர்ஸ் படத்தில் ஒரு நகரத்தையே பெயர்த்து வானத்துக்குத் தூக்கி, மனித இனத்தை அழிக்கப் பார்த்த அதே அல்ட்ரான். அவனும் இங்கே குள்ளநரி அளவுக்குச் சுருங்கியிருக்கிறான்.

சண்டைக்குப் பதில் வலை. வலை ஒரு அற்புதமான பொருள். கயிறு, பசை, ஊஞ்சல், பாலம், கைக்குட்டை என்று எல்லாமாகவும் வேலை செய்யும், யாரையும் காயப்படுத்தாது. வில்லனைக் குத்தாமல் ஒட்டிவைக்கலாம். மார்வெலின் அத்தனை பேரிலும் முதலில் ஸ்பைடர்மேனை பால்வாடிக்கு எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கையில் சுத்தியல் வைத்திருக்கும் தோரையோ, உள்ளங்கையில் கதிர் பாய்ச்சும் அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்கையோ வைத்துத் தொடங்கியிருந்தால் முதல் நாளே தலைவலி.

மார்வெலின் போட்டி நிறுவனமான, பேட்மேனை வைத்திருக்கும் டிசிக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். 2022 அக்டோபரில் வந்த 'பேட்வீல்ஸ்' தொடரில் நாயகன் பேட்மேன் இல்லை, அவனுடைய வண்டிகள். பேம் என்ற பேட்மொபைல், பிபி என்ற பைக், பஃப் என்ற லாரி. ஜோக்கருக்குப் பதில் ஜோக்கரின் வேன். வண்டி வண்டியை இடித்தால் அடிதடி ஆகுமா? தகரம் நசுங்கும், அடுத்த காட்சியில் சரியாகிவிடும். மூன்று வயதுக்காரன் வீட்டுத் தரையில் தினமும் செய்வது அதைத்தானே. பேட்மேனுக்கு ஈதன் ஹாக் குரல் கொடுத்தார், ஆனால் அவர் அதில் ஏறக்குறைய ஒரு தலைமை ஆசிரியர் மாதிரி. வருவார், சொல்வார், போவார். பேட்மேனின் இருட்டைக் கொஞ்சமும் தொடாமல் பேட்மேன் தொடர் எடுத்த அந்தச் சாமர்த்தியத்துக்காகவே எனக்குப் பேட்வீல்ஸ் பிடிக்கும், பாட்டுகள் சுமார்தான் என்றாலும்.

சூப்பர் ஹீரோவைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொண்டுவரும் யோசனையே புதிது என்று நினைத்துவிட வேண்டாம். 1974-இல் அமெரிக்காவில், 'செசமி ஸ்ட்ரீட்' எடுத்த அதே நிறுவனம், வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காக நடத்திய 'தி எலக்ட்ரிக் கம்பெனி' நிகழ்ச்சியில் ஸ்பைடர்மேனைக் கூட்டிவந்தது. அவன் அதில் வாயே திறக்க மாட்டான். பேச வேண்டியதெல்லாம் காமிக்ஸில் வருவதுபோல் தலைக்கு மேல் பலூனில் எழுத்தாக வரும். ஸ்பைடர்மேன் என்ன சொன்னான் என்று தெரிய வேண்டுமா, நீயே படி. அதை ஒட்டி மார்வெல் எளிய சொற்களில் ஒரு காமிக்ஸும் போட்டது. 57 இதழ்கள், 1982 வரை. இத்தனை கோடி பணமும் கணினியும் வந்த பிறகும், ஒரு ஹீரோவைக் குழந்தைக்கு உபயோகமாக்கியதில் அந்த ஊமை ஸ்பைடர்மேனை யாரும் மிஞ்சியதாக நான் நினைக்கவில்லை.

சரி, இனி பயப்பட வேண்டிய இடங்களுக்கு வருகிறேன்.

என் அக்கா மகனுக்கு நாலு வயது. ஒருநாள் அவனோடு ஸ்பைடி பார்த்தேன். ரைனோ எதையோ முட்டித் தள்ளிக்கொண்டு போகிறான், மூன்று சிலந்திகளும் தடுக்கப் பார்க்கிறார்கள், முடியவில்லை, தங்களுக்குள் கொஞ்சம் முறைப்பு, அப்புறம் சேர்ந்து யோசித்து மடக்குகிறார்கள். கடைசியில் ஒற்றுமை பற்றி இரண்டு வரி. டிவியை அணைத்தோம். பையன் எழுந்தான். மணிக்கட்டைத் திருப்பி வலை விடுவான் என்று காத்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு நேராக ஓடி வந்து சோபா தலையணையை முட்டித் தள்ளினான். "நீ யாருடா?" என்றேன். "ரைனோ!" ஏன் ஸ்பைடி இல்லை என்று கேட்டதற்கு, "ரைனோதான் எல்லாத்தையும் உடைப்பான்" என்றான். பதினொரு நிமிடக் கதையில் ஒன்பது நிமிடம் ரைனோ உடைத்துக்கொண்டிருந்தான், பையன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான்.

இது அவன் ஒருவனின் குறும்பு இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மேரி-லூயிஸ் மேர்ஸ், எமிலி அகோஸ்டா என்ற இருவர் 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எல்கேஜி, யுகேஜி வயதுப் பிள்ளைகளுக்கு 'கிளிஃபோர்ட்' என்ற பெரிய சிவப்பு நாய் கார்ட்டூனில் ஒரு கதையைக் காட்டினார்கள். ஊருக்கு மூன்று கால் நாய் ஒன்று வருகிறது. மற்ற நாய்கள் முதலில் அதைப் பார்த்துப் பயப்படுகின்றன, ஒட்டிக்கொள்ளுமோ என்று விலகுகின்றன, கடைசியில் அதுவும் நம்மைப் போலத்தான் என்று சேர்த்துக்கொள்கின்றன. என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், உடல் குறை உள்ளவர்களை ஒதுக்கக் கூடாது என்று சொன்ன பிள்ளைகள் மிகச் சிலரே. மூன்று கால் நாயிடம் நல்லபடி நடந்துகொள்ள வேண்டும் என்று நாயோடு நின்றுவிட்ட பிள்ளைகள் உண்டு. கிருமி ஒட்டாமல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று புரிந்துகொண்ட பிள்ளையும் உண்டு. கதை சொல்ல வந்ததற்கு நேர் எதிர்!

பெரியவர்கள் கதையை முடிவிலிருந்து படிக்கிறோம். முடிவில் திருந்திவிட்டார்கள், ஆகவே நல்ல கதை. மூன்று, நாலு வயதில் அப்படிச் சேர்த்துப் பார்க்கும் வலு இன்னும் வரவில்லை. ஒவ்வொரு காட்சியும் அவர்களுக்குத் தனித்தனி. எது அதிக நேரம் ஓடியது, எது அதிகச் சத்தமாக இருந்தது, எதில் முகங்கள் பெரிதாகத் தெரிந்தன என்பதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். எண்பதுகளில் வந்த 'ஹீ-மேன்' கார்ட்டூன் நினைவிருக்கிறதா? இருபது நிமிடம் வாள் சுழற்றிவிட்டு, கடைசி அரை நிமிடத்தில் நம்மை நேராகப் பார்த்து நீதி சொல்வார்கள். அந்த நீதி பெற்றோருக்கு. பிள்ளைக்கு வாள்.

பெரிய அளவில் ஓர் ஆய்வும் உண்டு. ப்ரிகம் யங் பல்கலைக்கழகத்தின் சாரா காய்ன் குழு 240 பால்வாடிக் குழந்தைகளை ஒரு வருட இடைவெளியில் பார்த்து 2017-இல் எழுதியது. சூப்பர் ஹீரோ மோகம் அதிகம் இருந்த பிள்ளைகளிடம் ஒரு வருடம் கழித்துக் கைநீட்டும் பழக்கம் அதிகமாக இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அடுத்த பாதி: அடுத்த பிள்ளைக்கு உதவுவதோ, கேலி செய்யப்படும் பிள்ளைக்குப் பரிந்து நிற்பதோ அவர்களிடம் கூடவில்லை. ஹீரோவின் அடி வந்தது, ஹீரோவின் நியாயம் வரவில்லை. இது ஸ்பைடி வருவதற்கு முந்தைய ஆய்வு, அந்தப் பிள்ளைகள் பார்த்ததில் பெரியவர்களுக்கான ஹீரோக்களும் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றதும் இருக்கிறது என்பதால் ஒன்றால்தான் மற்றது என்று ஆகிவிடாது என்பதும் தெரிந்ததுதான். ஆனாலும் புதுத் தொடர் வரும்போது இதை மனதில் வைத்துப் பாருங்கள். யாராவது குத்துகிறார்களா என்று பார்க்க வேண்டாம், குத்த மாட்டார்கள். தகராறு எத்தனை நிமிடம், சமாதானம் எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பாருங்கள். என்ன தப்பு நடந்தது, எப்படிச் சரிசெய்யலாம் என்று கூடி உட்கார்ந்து யோசிக்கும் பகுதி கதையில் பாதியாவது இருந்தால் அது நல்ல எபிசோடு. ஸ்பைடியின் முதல் எபிசோடிலேயே ப்ளாக் பாந்தர் வந்து பொறுமை சொல்லித்தரும் கதை ஒன்று உண்டு. பொறுமை கதைக்குள்ளேயே வேலை செய்வதால் அது தேறும். கடைசி வரியில் மட்டும் பொறுமை என்றால் தேறாது.

எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. குழந்தை பார்த்து அப்படியே செய்துவிடக்கூடியது எதுவும் காட்சியில் இருக்கக் கூடாது. நான் வேலை பார்த்த ஒரு தொடரில் ஒரு குட்டிக் கரடி நாற்காலி மேல் ஏறி, சமையலறை மேல் அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுக்கும். இரண்டு நாள் உட்கார்ந்து கேமரா அமைத்த காட்சி. திரும்பி வந்த குறிப்பில் ஒரே வரி: நாற்காலி வேண்டாம், அலமாரியைக் கீழே இறக்கவும். கத்தி, தீக்குச்சி, பிளாஸ்டிக் பை, ஜன்னல் விளிம்பு எல்லாம் அப்படித்தான் பறக்கும். வண்டியில் ஏறினால் பெல்ட் போட்டாக வேண்டும், சைக்கிள் என்றால் ஹெல்மெட். ஆனால் சுவரில் ஏறுவதும் மாடியிலிருந்து குதிப்பதும் ஸ்பைடர்மேனின் பிழைப்பு. அதை வெட்டினால் ஸ்பைடர்மேனே இல்லை. அதனால் அது தப்பித்துவிடுகிறது. குத்துக்குப் பயந்து இதை விட்டுவிடாதீர்கள். பால்கனிக் கம்பி, ஜன்னல், கட்டில் விளிம்பு மூன்றையும் ஒருமுறை பார்த்து வையுங்கள். "ஸ்பைடிக்கு வலை இருக்கு, உனக்கு இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நமக்கு அசட்டுத்தனமாகத் தோன்றும். அந்த வயதுக்கு அது புதுச் செய்தி.

கடை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்பைடர்மேன் படம் எடுக்கும் உரிமை சோனியிடம் இருக்கிறது. ஆனால் ஸ்பைடர்மேன் படம் போட்ட பொம்மை, பை, செருப்பு, டிபன் பாக்ஸ் ஆகியவற்றின் வருமானத்தை 2011-இல் டிஸ்னி தன் பக்கம் வாங்கிக்கொண்டது. படம் எடுத்தால் லாபம் அங்கே, பொம்மை விற்றால் லாபம் இங்கே என்றால், டிஸ்னி பொம்மை வாங்கும் வயதுக்குத் தொடர் எடுக்காமல் என்ன செய்யும்? வலையில் ஊஞ்சலாடிப் போகிறவனுக்குக் கார் எதற்கு என்று எப்போதாவது யோசித்தீர்களா? ஸ்பைடியில் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு வண்டி. ஒரு சீசனில் இருட்டில் ஒளிரும் வலை, இன்னொன்றில் தண்ணீருக்கடியில், இன்னொன்றில் டைனோசர். ஒவ்வொன்றுக்கும் புது உடை. புது உடை என்றால் அலமாரியில் புது பொம்மை. 1974-இலேயே காமிக்ஸில் ஸ்பைடர்மேனுக்கு ஒரு கார் கொடுத்து அவனைக் கேலிப்பொருளாக்கியிருக்கிறார்கள், ஆகவே இது பரம்பரை வியாதி. அவெஞ்சர்ஸ் வந்தால் ஹீரோக்களின் எண்ணிக்கையே கூடும். மூன்று பொம்மையில் முடிந்தது பத்து ஆகும். பிறந்தநாளுக்கு ஒன்று என்று இப்போதே சட்டம் போட்டு வையுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை பெயர்தான். மூன்றரை வயதுக்காரனுக்கு 'அவெஞ்சர்ஸ்' என்ற சொல் அறிமுகமாகப் போகிறது. யூடியூபின் தேடல் பெட்டியில் மைக்கை அழுத்தி அவன் அதைச் சொல்லப் போகிறான். என்ன வரும்? படங்களின் சண்டைத் துண்டுகள் வரும். 'இன்ஃபினிட்டி வார்' படத்தில் பாதி உயிர்கள் தூசியாகப் போகின்றன. அடுத்த படமான 'எண்ட்கேம்' இங்கே யு/ஏ சான்றிதழோடு வந்தது. காலையில் நாய்க்குட்டியோடு விளையாடிய டோனி, சாயங்காலம் பெரியப்பா மகனின் போனில் செத்துப்போவான். டிஸ்னியின் தொடரில் எவ்வளவு சுத்தமாக வடிகட்டினாலும், அதே பெயரும் அதே உடையும் வடிகட்டாத பக்கத்துக்கும் கதவாக இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. 2017-இல் 'எல்சாகேட்' என்று பெரிய சர்ச்சை வெடித்தது. ஸ்பைடர்மேன், 'ஃப்ரோஸன்' படத்து எல்சா மாதிரி வேஷம் போட்டும் மலிவாக வரைந்தும், ஊசி போடுவது, கடத்துவது, அருவருப்பு என்று குழந்தை வீடியோக்களுக்கு நடுவில் ஆயிரக்கணக்கில் ஏற்றியிருந்தார்கள். யூடியூப் அப்போது பெருமளவில் நீக்கியது. ஆனாலும் பிரபலமான உடையைப் போட்டுக்கொண்டு குழந்தையின் கண்ணைப் பிடிக்கும் வியாபாரம் ஓய்ந்துவிடவில்லை. ஆகவே தொடரைப் பார்ப்பதானால் அது முறையாக வரும் சேனலிலோ ஆப்பிலோ, குழந்தைகள் ப்ரொஃபைலில், டிவியில், தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள். போனில் தேடிப் பார்ப்பது வேண்டாம். என்னைக் கேட்டால், இந்த ஒன்றைச் செய்துவிட்டால் பாதிக் கவலை போச்சு.

நேரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை நாளுக்கு மொத்தமே ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் கூட இருக்க வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. ஸ்பைடியின் ஒரு எபிசோடில் தலா பதினொரு நிமிடத்தில் இரண்டு கதைகள். ஒரு கதை முடிந்ததும் இயல்பான இடைவெளி வரும், அழுகையில்லாமல் அணைக்க அதுதான் நேரம். நடுக்கதையில் அணைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது. ஒரே எபிசோடைத் திரும்பத் திரும்பக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஐந்தாவது தடவையில்தான் கதை அவர்களுக்குக் கோர்வையாகும். தொண்ணூறுகளில் 'ப்ளூஸ் க்ளூஸ்' தொடரில் இதைத் தெரிந்துகொண்டே ஒரே எபிசோடை வாரத்தில் ஐந்து நாளும் போட்டார்கள்.

பக்கத்தில் உட்காருங்கள் என்றேனே, உட்கார்ந்து போனை நோண்டினால் பிரயோஜனமில்லை. ரைனோ உடைக்கும்போது "ஏன் இப்படிப் பண்றான், அவனுக்கு என்ன வேணும்?" என்று தமிழில் கேளுங்கள். தொடர் ஆங்கிலத்தில் ஓடினால் இது இன்னும் அவசியம். பாதிப் பிள்ளைகள் வசனத்தை விட்டு அசைவை மட்டும்தான் பார்க்கிறார்கள், அசைவில் ஜெயிப்பவன் எப்போதும் ரைனோதான். டோரா கேள்வி கேட்டுவிட்டுக் கண் சிமிட்டிக்கொண்டு காத்திருப்பாளே, அந்தக் காத்திருப்பை இந்த வேகமான தொடர்களில் நாம்தான் போட வேண்டும். மடக்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்தி "நீயா இருந்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டால், எழுதியவர்களைவிட நல்ல யோசனை வரும். என் அக்கா மகன் ஒருமுறை, ரைனோவுக்குப் பசிக்கும், தோசை கொடுத்தால் உட்கார்ந்துவிடுவான் என்றான்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகு ஒரு நல்லதும் சொல்கிறேன், இது உங்களுக்கு நாளைக்கே உதவும். 2017-இல் ரேச்சல் வைட்டும் சகாக்களும் நாலு வயது, ஆறு வயதுக் குழந்தைகள் 180 பேரிடம் ஒரு சலிப்பூட்டும் வேலையைப் பத்து நிமிடம் செய்யச் சொன்னார்கள். நடுவில் ஓய்வு வேண்டுமென்றால் பக்கத்தில் ஐபேடில் விளையாட்டு இருக்கிறது. ஒரு பிரிவுப் பிள்ளைகள் "நான் ஒழுங்காகச் செய்கிறேனா?" என்று தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு பிரிவு தன் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்றாவது பிரிவு பேட்மேன், டோரா மாதிரி ஒரு வேஷம் போட்டுக்கொண்டு "பேட்மேன் ஒழுங்காகச் செய்கிறானா?" என்று கேட்க வேண்டும். அதிக நேரம் வேலையில் நின்றது வேஷம் போட்ட பிள்ளைகள்தான். இதற்கு 'பேட்மேன் விளைவு' என்றே பெயர் வைத்தார்கள். கவனியுங்கள், இங்கே யாரும் எதையும் பார்க்கவில்லை. வேஷம்தான் வேலை செய்தது. உங்கள் மகனிடம் "பல் தேய்" என்று சொல்லாமல் "ஸ்பைடி எப்படிப் பல் தேய்ப்பான், காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். அக்கா வீட்டில் சாக்ஸ் போடுவது, கீரை சாப்பிடுவது எல்லாம் இப்படித்தான் ஓடுகிறது. கீரை மட்டும் சில நாள் ஓடுவதில்லை.

அடுத்து நீங்கள் கேட்கப் போவது தெரியும்: ஸ்பைடியும் அவெஞ்சர்ஸும் பார்த்துப் பழகியவன் நிஜப் படங்களைக் கேட்டால் எப்போது காட்டுவது? அக்காவிடம் நான் பத்து வயது என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதிலும் 'இன்ஃபினிட்டி வார்' கடைசியாக. அதுவரைக்கும் அச்சில் நிறைய இருக்கிறது. பையன் எழுத்துக் கூட்ட ஆரம்பித்ததும் நானே என் பழைய காமிக்ஸ் பெட்டியைத் திறப்பதாக இருக்கிறேன், 121-ஆம் இதழை மட்டும் தனியாக எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டு. நாற்காலியையும் அந்த அறையிலிருந்து எடுத்துவிட வேண்டும்.